வொரன்டி மூன்று வருடம், முறைப்பாட்டுக்கோ மூன்று மாதம்!

புது வாகனம் என்ற பேச்சையே சில வருடங்களாக எமது வியாபாரிகள் மறந்திருந்தனர். 2020 மார்ச்சில் இடைநிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் பாவனைக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அதன் பின்னர் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் கடை வைத்திருக்கும் பலர் பழைய வேனையும் லொறியையும் கொடுத்துவிட்டு லீசிங்கில் புது வாகனம் எடுக்கின்றனர். புதிய கம்பனிகள், புதிய முகவர்கள், புதிய மாடல்கள். விலையும் முன்னரைப் போன்றதல்ல.

புது வாகனம் என்றால் தொல்லை இல்லை என்பது எல்லோரினதும் நம்பிக்கை. பெரும்பாலும் அது சரிதான். ஆனால், எப்போதாவது ஒருவரின் கையில் தொழிற்சாலையிலிருந்தே கோளாறுடன் வந்த வாகனம் அகப்பட்டு விடுகின்றது. பெரிய கம்பனி என்றாலும் இதற்கு விதிவிலக்கு இல்லை. ஜப்பானின் ஹொண்டா நிறுவனம் 2013 செப்டெம்பரில் புதிய பிட் ஹைபிரிட் காரைச் சந்தைக்கு விட்டது. அடுத்த ஒரு வருடத்துக்குச் சற்றுக் கூடிய காலத்துக்குள் அதை ஐந்து தடவைகள் திருத்தத்துக்காகத் திருப்பி அழைக்க நேர்ந்தது. எமது வீதிகளில் ஏராளமாக ஓடும் வெசல் ஹைபிரிட்டும் அந்தத் திருப்பி அழைத்தல்களில் அகப்பட்டது.

ஆகவே கோளாறு வருவது புதினமல்ல. வந்த பின் நாம் எப்படி நடந்து கொள்கின்றோம் என்பதே முக்கியம்.

"பயப்படாதீங்க ஹாஜியார்!"

கொட்டாஞ்சேனையில் மொத்த வியாபாரம் செய்யும் ஒருவரை உதாரணமாக எடுத்துக் கொள்வோம். அவர் காத்தான்குடிப் பக்கம் கிழமைக்கு இரண்டு தடவை சாமான் அனுப்புபவர். புது லொறி ஓடத் தொடங்கி மூன்றாவது கிழமையில் ஏற்றத்தில் இழுவை குறைகின்றது, எச்சரிக்கை விளக்கு எரிகின்றது. முகவரின் கராஜில் இரண்டு நாள் வைத்திருந்து கொடுக்கின்றார்கள். பத்து நாளில் மீண்டும் அதே கோளாறு. இந்தத் தடவை ஐந்து நாள். மூன்றாவது தடவை, "பார்ட்ஸ் வெளியிலிருந்து வரணும்" என்று ஒரு மாதத்துக்கு மேல் போகின்றது. ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான்: "பயப்படாதீங்க ஹாஜியார், மூணு வருஷம் வொரன்டி இருக்குத்தானே!"

இப்போது கணக்கைப் பாருங்கள். லொறி 45 நாட்கள் கராஜில் நின்றது என்றும், லீசிங் தவணை மாதம் 180,000 ரூபா என்றும் வைத்துக் கொள்வோம். ஒன்றரை மாதத்துக்கு 270,000. அந்தக் காலத்தில் 12 பயணத்துக்கு வாடகை லொறி பிடித்தால், ஒன்றுக்கு 60,000 வீதம் 720,000. சாரதியின் சம்பளம் வேறு. பத்து இலட்சம் ரூபா வரை கையை விட்டுப் போய்விட்டது. கராஜ் பில் மட்டும் "இலவசம்".

இந்த இழப்பிலும் பெரிய இழப்பொன்று உண்டு. லொறி கராஜில் நிற்கும்போது, சட்டம் எமக்குத் தந்திருக்கும் காலமும் ஓடிக் கொண்டிருக்கின்றது. வொரன்டி மூன்று வருடம் என்ற தைரியத்தில் பொறுத்திருப்பவர், மூன்று மாதத்தில் முடியும் உரிமையைத் தவற விடுகின்றார். இந்தக் கட்டுரையில் சொல்ல வருவது இதைத்தான்.

வொரன்டி புத்தகம் என்ன சொல்கின்றது?

வாகனம் எடுக்கும்போது தரும் அந்தச் சிறு புத்தகத்தை எம்மில் எத்தனை பேர் வாசிக்கின்றோம்? வாசித்தால் பெரும்பாலும் நான்கு விடயங்கள் தெரியவரும்.

முதலாவது, வருடம் அல்லது கிலோமீற்றர், இவற்றில் எது முந்துகின்றதோ அத்துடன் வொரன்டி முடிந்துவிடும். கொழும்பிலிருந்து காத்தான்குடி போய் வர ஏறத்தாழ 650 கிலோமீற்றர். கிழமைக்கு இரண்டு தடவை என்றால் வருடத்துக்கு 65,000 கிலோமீற்றர் ஓடும். மூன்று வருடம் அல்லது 100,000 கிலோமீற்றர் என்ற வொரன்டி இவருக்கு ஒன்றரை வருடம்தான்.

இரண்டாவது, கம்பனி ஏற்றுக் கொள்ளும் கடமை, பழுதான பாகத்தைத் திருத்தித் தருவது அல்லது மாற்றித் தருவது மாத்திரமே. முழு வாகனத்தையும் மாற்றித் தருவதாக அது சொல்வதில்லை.

மூன்றாவது, வாகனம் நின்றதால் ஏற்பட்ட வியாபார நட்டம், வாடகைச் செலவு என்பவற்றுக்குப் பொறுப்பில்லை என்று எழுதியிருக்கும். கராஜில் நின்ற நாட்களை வொரன்டி காலத்துடன் சேர்த்துத் தருவதாகவும் சாதாரணமாக எழுதியிருக்காது. அதை நாம்தான் கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும்.

நான்காவது, சேர்விஸ் உரிய நேரத்தில் குறித்த இடத்தில் செய்யப்பட வேண்டும், வெளியாட்கள் கை வைத்திருக்கக் கூடாது. அவசரத்துக்குப் பஞ்சிகாவத்தையில் ஒரு பாகம் வாங்கித் தெரிந்த பாஸிடம் பூட்டிக் கொண்டால், பின்னர் எந்தக் கோளாறு வந்தாலும் அதையே காரணம் காட்டிக் கைவிரித்து விடலாம். கோளாறு தீரும் வரை வெளியில் கை வைக்காமல் இருப்பதே புத்தி.

வொரன்டிக்கு வெளியே சட்டம் தரும் உரிமை

வொரன்டி புத்தகத்தில் உள்ளது மட்டும்தான் எமது உரிமை என்று நினைப்பது தவறு. எமது நாட்டில் 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அது 1893இல் பிரித்தானியாவில் வந்த சட்டத்தின் அச்சில் ஆக்கப்பட்டது. அந்த வகைப் பொருளை விற்பதைத் தொழிலாகக் கொண்டவர் விற்கும் பொருள் விற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்பது, எழுதாவிட்டாலும் ஒப்பந்தத்தில் அடங்கியிருக்கும் நிபந்தனை என்று அச்சட்டம் சொல்கின்றது. இந்தக் கடமை எமக்கு விற்றவருடையது. ஜப்பானிலோ இந்தியாவிலோ சீனாவிலோ உள்ள தொழிற்சாலையைத் தேடிப் போக வேண்டியதில்லை.

ஒரே மூலத்திலிருந்து வந்த சட்டம் என்பதால் ஆங்கில நீதிமன்றத் தீர்ப்புகளையும் எமது சட்டத்தரணிகள் எடுத்துக் காட்டுவதுண்டு. 1987ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைகளில் வெளியான இரண்டு தீர்ப்புகள் எம்மைப் போன்றவர்களுக்கு மிகவும் பயனுள்ளவை.

ஒன்று, ஸ்காபரோ நகரின் பாரிஷ் என்ற விற்பனை நிறுவனத்துக்கு எதிரான வழக்கு. புதிய ரேஞ்ச் ரோவர் வாகனத்தில் என்ஜின், கியர் பெட்டி, பொடி எல்லாவற்றிலும் குறை. ஆறு மாதமாகத் திருத்தத் திருத்தத் தீரவில்லை. இதற்கிடையில் 5,500 மைல் ஓடியிருந்தது. "வொரன்டி இருக்கின்றது, திருத்தித் தருகின்றோம், ஓடவும் செய்தது, பின் என்ன குறை?" என்பது விற்பனையாளரின் வாதம். மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஓடினால் மட்டும் போதாது, அந்த விலைக்கும் அந்தப் பெயருக்கும் ஏற்ற தரம் இருக்க வேண்டும், கம்பனியின் வொரன்டி என்பது வாங்குபவரின் உரிமையுடன் கூட்டப்படுவதே தவிர அதிலிருந்து கழிக்கப்படுவதல்ல என்று தீர்ப்பளித்தது.

மற்றது, லண்டன் கோல்டர்ஸ் கிரீனிலுள்ள பாம்சன் மோட்டர்ஸ் நிறுவனத்துக்கு எதிரான வழக்கு. புதிய நிசான் லோரல் கார், மூன்று கிழமையில் சுமார் 140 மைல் ஓடிய நிலையில் பெருந்தெருவில் என்ஜின் இறுகி நின்றுவிட்டது. தயாரிக்கும்போது உள்ளே விழுந்த பசைத் துண்டொன்று ஒயில் ஓட்டத்தை அடைத்திருந்தது. கார் தரமற்றது என்பதை நீதிபதி ஏற்றுக் கொண்டார். ஆனால், வாங்கியவர் காரைச் சோதித்துப் பார்க்கப் போதிய காலம் கடந்துவிட்டது, ஆகவே ஏற்றுக் கொண்டதாகவே கருதப்படும், திருப்பிக் கொடுக்க முடியாது, நட்டஈடு மட்டும் பெறலாம் என்றும் கூறிவிட்டார். வெறும் மூன்று கிழமை!

இந்தத் தீர்ப்பு அங்கும் பலத்த விமர்சனத்துக்கு உள்ளானது. 1994இல் பிரித்தானியா தனது சட்டத்தைத் திருத்தி, பழுது பார்க்கச் சம்மதித்தார் என்பதற்காக மட்டும் பொருளை ஏற்றுக் கொண்டவராக ஒருவர் கருதப்பட மாட்டார் என்று சேர்த்தது. எமது கட்டளைச் சட்டமோ பழைய ஆங்கிலச் சட்டத்தின் வழி வந்தது. ஆகவே, அந்தப் பாதுகாப்பு தானாகக் கிடைக்கும் என்று நம்பியிருக்காமல் நாமே அதை எழுத்தில் வைத்துக் கொள்ள வேண்டும். அந்தக் கடிதம் எப்படி அமைய வேண்டும் என்பதைக் கீழே தந்துள்ளேன்.

இன்னொன்று. வாங்கும்போது நாம் கையெழுத்திடும் பத்திரத்தில் இந்த உரிமைகளை நீக்கும் வாசகங்கள் இருக்கலாம். அப்படி நீக்குவதற்கு 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம் வரம்பு விதிக்கின்றது. ஆனால் அதில் வீட்டுப் பாவனைக்கு வாங்குபவருக்கும் வியாபாரத்துக்காக வாங்குபவருக்கும் வேறுபாடு உண்டு. கடையின் பெயரில் லொறி எடுப்பவர் கையெழுத்திடுமுன் பத்திரத்தைச் சட்டத்தரணி ஒருவரிடம் காட்டுவது நல்லது.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை

நீதிமன்றம் என்றதும் எமது ஆட்கள் பின்வாங்குவார்கள். செலவு, காலம், கடையை விட்டு அலைதல். அதற்கு முன்னால் ஒரு படி இருக்கின்றது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் அமைக்கப்பட்ட பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை அது. தொலைபேசி இலக்கம் 1977.

விலைக் கட்டுப்பாட்டுச் சோதனைக்கு வருபவர்கள் என்றுதான் இந்தச் சபையை எமது கடைக்காரர்கள் அறிந்திருக்கின்றார்கள். ஆனால் அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு, வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ கொடுக்கப்பட்ட உத்தரவாதத்துக்கு அமையாத பொருள் விற்கப்பட்டால் அது பற்றிய முறைப்பாட்டை விசாரிக்கும் அதிகாரத்தைச் சபைக்கு வழங்குகின்றது. விசாரணையில் முறைப்பாடு சரியென்று கண்டால் நட்டஈடு வழங்குமாறோ, பொருளை மாற்றிக் கொடுக்குமாறோ, பணத்தைத் திருப்பிக் கொடுக்குமாறோ கட்டளையிடலாம்.

வியாபாரி பாவனையாளர் ஆவாரா என்று சிலர் கேட்பார்கள். இந்தச் சட்டத்தின் வரைவிலக்கணம் பரந்தது. விலை கொடுத்துப் பெறும் பொருளை அல்லது சேவையைப் பாவிக்கும் எவரும் அதில் அடங்குவர். கடைக்கு லொறி எடுத்தவர் என்பதற்காகத் தயங்கத் தேவையில்லை.

ஆனால் இங்குதான் அந்த மூன்று மாதம் வருகின்றது. பொருளின் விற்பனை பற்றிய முறைப்பாடு, விற்பனை நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் செய்யப்பட வேண்டும் என்று அதே 13ஆம் பிரிவு கூறுகின்றது. எமது உதாரணத்து வியாபாரியின் லொறி மூன்றாவது கிழமையில் பழுதானது. மூன்று தடவை கராஜில் ஏறி இறங்கியதில் இரண்டரை மாதத்துக்கு மேல் போய்விட்டது. இன்னும் ஒரு "அடுத்த கிழமை வாங்க" போதும், காலம் முடிந்துவிடும்.

அதனால் முகவருடன் பேச்சு நடந்து கொண்டிருந்தாலும், இரண்டாவது தடவை அதே கோளாறு வந்தவுடன் சபைக்கு ஒரு முறைப்பாட்டை எழுத்தில் அனுப்பி வைத்துவிடுங்கள். இது சண்டைக்குப் போவதல்ல. கோளாறு தீர்ந்தால் முறைப்பாட்டை வாபஸ் பெறலாம். அனுப்பாமல் விட்டால் பின்னர் அனுப்ப வழியிருக்காது. மூன்று மாதம் ஏற்கனவே கடந்தவர்கள், திருத்த வேலை என்ற சேவையில் உள்ள குறை பற்றி முறையிட முடியுமா என்பதையும், நீதிமன்றம் செல்லும் வழியையும் சட்டத்தரணியிடம் கேட்டறிய வேண்டும்.

நிரூபிப்பது எப்படி?

இந்திய உச்ச நீதிமன்றம் 2006இல் மாருதி உத்யோக் நிறுவனத்தின் வழக்கொன்றில் வழங்கிய தீர்ப்பு எமக்கும் ஒரு பாடம். ஜம்முவில் கார் வாங்கிய ஒருவர் கிளச்சில் தொடர்ந்து கோளாறு என்று முறையிட்டார். கீழுள்ள நுகர்வோர் மன்றங்கள் காரையே மாற்றிக் கொடுக்கச் சொன்னன. உச்ச நீதிமன்றமோ வொரன்டியின் வாசகத்தைப் பார்த்தது. பாகத்தைத் திருத்துவதும் மாற்றுவதும்தான் அதில் உள்ள கடமை என்று கூறி, கிளச் தொகுதியை முழுமையாக மாற்றவும், அலைச்சலுக்கும் செலவுக்குமாக 50,000 இந்திய ரூபா கொடுக்கவும் உத்தரவிட்டது. புதிய கார் கிடைக்கவில்லை.

இதிலிருந்து விளங்குவது என்ன? "கோளாறு இருக்கின்றது" என்று சொன்னால் ஒரு பாகம் கிடைக்கும். முழு வாகனம் அல்லது முழுப் பணம் வேண்டுமென்றால், அந்த வாகனம் அடிப்படையிலேயே குறையுள்ளது, திருத்தித் தீராதது என்று காட்ட வேண்டும். அதற்கு எமது வாய்ப்பேச்சு போதாது. முகவருடன் தொடர்பில்லாத தகுதி பெற்ற வாகனப் பொறியியலாளர் ஒருவரின் எழுத்து மூல அறிக்கையும், ஒவ்வொரு தடவையும் நடந்ததைக் காட்டும் கடதாசிகளும் வேண்டும்.

லீசிங் தவணையை நிறுத்தலாமா?

பலர் செய்யும் காரியம் இது. "வாகனம் ஓடவில்லை, நான் ஏன் கட்ட வேண்டும்?" நியாயமான கோபம்தான். ஆனால் சாதாரண லீசிங் ஒப்பந்தங்களில் வாகனம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் தவணை கட்ட வேண்டும் என்றுதான் எழுதியிருக்கும். நிறுத்தினால் வட்டியும் அபராதமும் ஏறும், வாகனம் பறிபோகும், கடன் தகவல் பணியகத்தில் பெயர் கெடும். பின்னர் கடைக்கு வங்கி வசதி கேட்கும்போது அது முன்னால் வந்து நிற்கும்.

செய்ய வேண்டியது வேறு. பதிவுப் புத்தகத்தில் முழு உரித்தாளர் லீசிங் நிறுவனமே. முகவருக்குப் பணம் கொடுத்ததும் அவர்களே. ஆகவே கோளாறை முதல் நாளிலிருந்தே அவர்களுக்கும் எழுத்தில் அறிவியுங்கள். முகவரிடம் உரிமை கோர உங்களுக்கு அதிகாரம் தருமாறும், தவணைக்குச் சலுகைக் காலம் தருமாறும் கேளுங்கள். உங்கள் ஒரு கடிதத்தை விட, மாதம் பல வாகனங்களுக்குக் காசோலை எழுதும் நிறுவனத்தின் ஒரு தொலைபேசி அழைப்புக்கு முகவர் விரைவில் அசைவார்.

இஜாரா முறையில் எடுத்தவர்களுக்கு மேலும் ஒரு வாதம் உண்டு. இஜாராவில் வாடகை என்பது பொருளின் பயனுக்கான கூலி. எடுத்தவரின் தவறின்றி அந்தப் பயன் இல்லாமல் போனால், அக்காலத்துக்கு வாடகை இல்லை என்பது பிக்ஹ் அறிஞர்களின் பொதுவான நிலைப்பாடு. உங்கள் ஒப்பந்தத்தில் இது எப்படி எழுதப்பட்டுள்ளது என்று நிறுவனத்திடமும் அதன் ஷரீஆ ஆலோசகர்களிடமும் கேட்பதில் தவறில்லை. கேட்காமல் தவணையை நிறுத்துவது மட்டும் வேண்டாம்.

செய்ய வேண்டிய காரியங்கள்

1. கராஜில் வாகனத்தைக் கொடுக்கும் ஒவ்வொரு தடவையும் ஜொப் காட் ஒன்றை வாங்குங்கள். திகதி, மீற்றர் இலக்கம், நீங்கள் சொன்ன கோளாறு மூன்றும் அதில் இருக்க வேண்டும். "பொதுச் சோதனை" என்று எழுதினால் ஏற்க வேண்டாம். உங்கள் சொல்லில் எழுதச் சொல்லுங்கள்.

2. திருப்பி எடுக்கும்போது என்ன செய்தார்கள், எந்தப் பாகத்தை மாற்றினார்கள் என்று எழுதி வாங்குங்கள். எத்தனை நாள் நின்றது என்பதை ஒரு கொப்பியில் குறித்து வாருங்கள்.

3. எச்சரிக்கை விளக்கு, ஒயில் கசிவு, சத்தம் எல்லாவற்றையும் கைத்தொலைபேசியில் படம் பிடித்து வையுங்கள். கராஜில் சரியாகவும் வீதியில் பிழையாகவும் இருக்கும் கோளாறுக்கு இது ஒன்றே சாட்சி.

4. வாடகை லொறி, வான் பிடித்த பற்றுச்சீட்டுகளைத் தனிக் கோவையில் போடுங்கள்.

5. மாற்று வாகனம், வொரன்டி நீடிப்பு, பாகத்தை விமானம் மூலம் எடுப்பித்தல், தயாரிப்பு நிறுவனத்தின் பொறியியலாளரை வரவழைத்தல் ஆகிய நான்கையும் எழுத்தில் கேளுங்கள். கேட்காதவருக்கு எவரும் கொடுப்பதில்லை.

6. செஸி இலக்கத்தைக் கொண்டு அந்த மாடல் திருப்பி அழைக்கப்பட்டுள்ளதா என்று தயாரிப்பு நிறுவனத்திடம் விசாரியுங்கள்.

7. இரண்டாவது தடவை அதே கோளாறு வந்தால் கீழ்க்காணும் கடிதத்தைப் பதிவுத் தபாலில் முகவருக்கு அனுப்பி, பிரதியை லீசிங் நிறுவனத்துக்கும் கொடுங்கள்.

"தங்களிடம் [திகதி] கொள்வனவு செய்த [செஸி இலக்கம்] வாகனத்தை, [கோளாறு] காரணமாக [எத்தனையாவது] தடவையாக இன்று தங்கள் கராஜில் ஒப்படைக்கின்றோம். திருத்துவதற்கு இடமளிப்பதால் வாகனத்தைத் திருப்பிக் கையளிக்கவோ, மாற்று வாகனம், பணம் அல்லது நட்டஈடு கோரவோ எமக்குள்ள உரிமை எதனையும் நாம் விட்டுக் கொடுக்கவில்லை. 14 நாட்களுக்குள் கோளாறின் காரணத்தையும் நிரந்தரத் தீர்வையும் எழுத்தில் அறியத் தரவும்."

8. பதில் திருப்தியில்லை என்றால் மூன்று மாதம் முடியுமுன் அதிகார சபைக்கு முறைப்பாடு. அத்துடன் ஜொப் காட்கள், பற்றுச்சீட்டுகள், கடிதங்கள், பொறியியலாளர் அறிக்கை. அதற்கும் மேல் போக நேர்ந்தால், கோரும் தொகையைப் பொறுத்து மாவட்ட நீதிமன்றமோ வர்த்தக மேல் நீதிமன்றமோ உண்டு.

வெளியூர்களில் எப்படி?

திருத்தித் தீராத புது வாகனத்தை அமெரிக்கர்கள் "லெமன்", அதாவது எலுமிச்சம்பழம் என்பார்கள். அங்கு கனெக்டிகட் மாநிலம் 1982இல் இதற்கென்றே சட்டம் இயற்றியது. பிலிப்பைன்ஸ் 2014இல் கொண்டு வந்த சட்டத்தின்படி, 12 மாதம் அல்லது 20,000 கிலோமீற்றருக்குள் ஒரே கோளாறுக்கு நான்கு தடவை திருத்தியும் தீராவிட்டால் வாகனத்தை மாற்றவோ பணத்தைத் திருப்பிப் பெறவோ கேட்கலாம். சிங்கப்பூரில் 2012 செப்டெம்பரிலிருந்து, ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை விற்கும்போதே இருந்ததாகக் கருதப்படுகின்றது. இல்லையென்று நிரூபிக்க வேண்டியவர் விற்றவர். சீனாவும் 2013இல் இத்தகைய விதிகளை நடைமுறைப்படுத்தியது.

எமது நாட்டில் இத்தனை தடவை, இத்தனை நாள் என்று கணக்குச் சொல்லும் தனிச் சட்டம் இல்லை. கணக்கை வாங்கியவர்தான் வைத்திருக்க வேண்டும். வர்த்தக சங்கங்கள் இதற்காகக் குரல் கொடுத்தால் எல்லோருக்கும் நன்மை.

நாமும் விற்பவர்கள்தான்

கடைசியாக ஒரு வார்த்தை. இதை வாசிப்பவர்களில் பெரும்பாலானோர் வாங்குபவர்கள் மட்டுமல்ல, விற்பவர்களும்தான். மின்விசிறி, கைத்தொலைபேசி, தண்ணீர் மோட்டர் என்று வொரன்டி அட்டையுடன் விற்கும் எமது கடைகளுக்கும் இதே 13ஆம் பிரிவு பொருந்தும். பழுதான பொருளைக் கொண்டு வரும் ஏழையிடம் "கம்பனிக்கு அனுப்பியிருக்கு, அடுத்த கிழமை வாங்க" என்று நாம் சொல்லும்போது, முகவரின் கராஜில் நாம் கேட்ட அதே வார்த்தையைத்தான் திருப்பிச் சொல்கின்றோம்.

மார்க்கச் சட்டத்தில் இதற்குக் கியாருல் ஐப் என்று பெயர். மறைந்திருந்த குறை தெரிய வந்தால் வாங்கியவருக்குப் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் தெரிவு உண்டு. தானியக் குவியலுக்குள் கையை விட்டு உள்ளிருந்த ஈரத்தை நபி (ஸல்) அவர்கள் கண்டறிந்த சம்பவத்தை அறியாத வியாபாரி எமக்குள் இல்லை. குறையை மேலே வைத்து விற்குமாறுதான் அங்கே பணிக்கப்பட்டது.

முகவரிடம் எமது உரிமையைத் தயங்காமல் எழுத்தில் கேட்போம். எமது கல்லாவுக்கு முன்னால் நிற்பவர் கேட்கும் முன்பே அவருடைய உரிமையைக் கொடுப்போம்.